மருதமரத்துக்கு எழுபதடி தூரத்தில்

மழை சற்று விட்டிருந்தது. அடுத்த மழைக்கு முன்னால் வாய்க்கால் கரை முழுவதையும் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார் ஓவர்சியர் ஞானராஜ். பெண்ணையாற்றிலிருந்து பிரியும் அந்த வாய்க்கால் முந்தின நாள் பெருக்கெடுத்து, திருவெண்ணெய்நல்லூருக்கு அப்பால் பல இடங்களில் கரையை அரித்துவிட்டிருந்தது. எங்கே மணல் மூட்டை போட வேண்டும், எங்கே ஆள் போதும் என்று பார்த்து விழுப்புரம் அலுவலகத்தில் சொல்வது அவருடைய வேலை. மத்தியானத்துக்கு மேல் அவருக்கு லீவு. அன்றைக்குக் கல்லறைத் திருநாள். அப்பா இறந்த பிறகு வரும் முதல் கல்லறைத் திருநாள் என்பதால், திண்டிவனத்தில் அம்மா பூமாலை கட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பாள்.

கரையின் மேல் நடந்துகொண்டிருந்தவரை வழிமறித்தவர் பெரியதம்பி. அந்தப் பக்கத்தில் கரும்பும் நெல்லும் பயிரிடுகிற விவசாயி. ஐம்பதைத் தாண்டிய வயசு. முழங்கால் வரை சேறு.

"சார், ஒரு நிமிசம். அந்த மருதமரத்தைக் கொஞ்சம் பாருங்க. அது வுழுந்தா எங்க வூட்டு மேல வுழுமா, வுழாதா? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

கரைக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் அந்த மரம் நின்றது. வெளுத்த பட்டையும், நாலு பேர் கை கோத்தாலும் கட்ட முடியாத அடிமரமுமாகப் பெரிய மரம். வெள்ளம் வாய்க்கால் பக்கத்து மண்ணை வழித்துக்கொண்டு போய்விட்டதால், அந்தப் பக்கத்து வேர்கள் அறுந்து, தண்ணீரில் நூல் நூலாக ஆடிக்கொண்டிருந்தன.

"வெட்டிடக் கூடாதா?" என்றார் ஞானராஜ்.

"மரம் வெட்டுற ஆளக் கூட்டிக்கினு வந்து காட்னேன். கோடாலி வெச்சா ரெண்டாவது வெட்டுக்கே சாஞ்சிரும், எந்தப் பக்கம் சாயும்னு சொல்ல முடியாதுன்னு பூட்டான்."

"அப்போ மழை விடுற வரைக்கும் வேற எங்கியாவது போய் இருங்களேன்."

பெரியதம்பி தலையைச் சொறிந்தார். "பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வந்துருக்குது சார். மாசம் நெறஞ்சிருக்குது. நேத்து கொஞ்சம் ரத்தம் பட்டுருச்சி. நர்ஸம்மா வந்து பாத்துட்டு, கால அசைக்கக் கூடாது, வண்டியில கிண்டியில ஏத்தினீங்கன்னா நான் பொறுப்பில்லன்னு சொல்லிட்டாங்க. மரம் எட்டாதுன்னா இங்கியே இருந்துக்குவோம்."

ஞானராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கூட வந்த, வாய்க்கால் காவல் பார்க்கும் லஸ்கர் தொம்மையிடம் டேப்பை எடுக்கச் சொன்னார்.

வீட்டுப் பக்கம் மாட்டுக் கொட்டகையும் வைக்கோல்போரும் மறைத்தன. தரையும் சேறு. கரையின் மேல் நின்றால் மரத்தின் உச்சி தெளிவாகத் தெரிந்தது. வாய்க்கால் அங்கே வளைவதால், அடிமரத்திலிருந்து கரையின் மேலேயே வீட்டுக்கு நேர் எதிர்ப்பக்கமாகப் பின்வாங்கி அறுபது அடி அளந்து நின்றார். பையிலிருந்து பித்தளைக் கருவியை எடுத்தார். ஒரு சின்னக் குழாய், அதன் பக்கத்தில் பாகை குறித்த வளைவு, மேலே ஒரு ரசமட்டம். குழாய் வழியாக உச்சிக் கிளையைப் பார்த்து, நீர்க்குமிழி நடுவுக்கு வரும்வரை திருகைத் திருப்பினார். முப்பத்தொன்பது பாகை. அறுபதடி தூரத்திலிருந்து அந்தக் கோணத்தில் உச்சி தெரிந்தால் மரம் எவ்வளவு உயரம் என்பதற்கு வாய்பாடு இருக்கிறது. அதோடு தன் கண்ணின் உயரத்தையும் கூட்டினார். ஐம்பத்துநாலு அடி வந்தது.

தொம்மை அடிமரத்திலிருந்து வீட்டுச் சுவர் வரைக்கும் டேப்பை இழுத்துக்கொண்டு போனான். வைக்கோல்போரைத் தாண்டும்போது "நாப்பது" என்று குரல் கொடுத்தான். சுவரைத் தொட்டதும் "எழுவது சார்" என்றான்.

கணக்கு சுலபமாக முடிந்துவிட்டது.

பெரியதம்பியின் மனைவி தையல்நாயகி வெல்லக் காப்பி கொண்டுவந்து வைக்கோல்போர் அருகே கொடுத்தாள். உயரமான, ஒல்லியான பெண். கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. ஞானராஜ் நின்றபடியே குடித்தார். மேலிருந்து ஈரமான இலை ஒன்று டம்ளருக்குள் விழுந்தது. அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைக் குடித்தார்.

"நெசமா எட்டாதுங்களா?" என்று கேட்டாள் அவள்.

"மரம் அம்பத்துநாலு அடிதாம்மா. வீடு எழுபது அடியில இருக்குது. விழுந்தாலும் எட்டாது. பயப்படாம இருங்க."

அவள் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் ஞானராஜ் தொம்மையோடு பஸ்ஸுக்குப் புறப்பட்டார்.

விழுப்புரம் அலுவலகத்தில் ஈரச் சட்டையோடு உட்கார்ந்து கரை உடைப்புகளுக்கு வரைபடம் போட்டார். மூட்டை போட வேண்டிய இடங்களைக் குறித்தார். திண்டிவனம் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அந்த மருதமரத்தையும் ஓர் ஓரத்தில் போட்டு வைக்கலாம் என்று பென்சிலை எடுத்தார். வாய்க்கால், கரை, மரம், அறுபதடி தள்ளி தான் நின்ற இடம். மறுபுறம் எழுபதடி தள்ளி வீடு. நடுவில் நாற்பதாவது அடியில் வைக்கோல்போர்.

வைக்கோல்போரை வரைந்ததும் பென்சில் நின்றது.

அங்கே நின்றுதான் காப்பி குடித்தார். மேலிருந்து இலை விழுந்தது. அப்போது காற்று இல்லை. இலை நேராக, சொட்டுவது போல விழுந்தது. அடிமரத்துக்கு நாற்பதடி தூரத்தில், தலைக்கு மேல் மரத்தின் கிளை இருந்திருக்கிறது. கரைப் பக்கத்தில், தான் நின்ற பக்கத்தில், கிளையே இல்லை.

மரம் நேராக நிற்கவில்லை. வீட்டைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. சாய்வுக்கு நேர் பின்னால் நின்று பார்த்தவருக்கு அது நேர் மரமாகத் தெரிந்திருக்கிறது. அவர் போட்ட கணக்கு, உச்சி அடிமரத்துக்கு நேர் மேலே இருக்கிறது என்று நம்பிப் போட்ட கணக்கு. உச்சி அங்கே இல்லை. அவரிடமிருந்து இன்னும் இருபத்தைந்து அடியாவது தள்ளி, வீட்டுப் பக்கமாக இருக்கிறது. தூரத்தில் இருக்கிற உச்சி தாழ்வாகத் தெரிந்ததைக் குட்டையான மரம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

காகிதத்தைத் திருப்பிப் போட்டு மறுபடி கணக்குப் பார்த்தார். எண்பத்தைந்து அடி தூரம், முப்பத்தொன்பது பாகை. உயரம் மட்டுமே எழுபத்துநாலு வந்தது. சாய்ந்த மரத்தின் நீளம் அதைவிட அதிகம். எப்படிக் குறைத்துப் போட்டுப் பார்த்தாலும் எழுபதுக்குக் கீழே வரவில்லை. பின்பக்கத்து வேர் அறுந்த மரம், சாய்ந்த பக்கம்தான் விழும்.

"எட்டாது, பயப்படாம இருங்க" என்று தான் சொன்னது அப்படியே காதில் கேட்டது.

அந்த ஊரில் போன் இல்லை. தந்தி கொடுத்தாலும் இந்த மழையில் நாளைக்குத்தான் போய்ச் சேரும். மேஜையை மூடக்கூட நிற்காமல் கருவியையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினார். தொம்மை அங்கே டீக்கடையில் இருந்தான்.

"வாடா. திரும்பிப் போவணும்."

"திண்டிவனம் போறேன்னீங்களே சார்?"

"அந்த மரம் வூட்டு மேல வுழும்டா. நான் தப்பா அளந்துட்டேன்."

தொம்மை டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

பஸ்ஸில் ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்த் திரையைத் தாண்டிச் சாரல் உள்ளே அடித்தது. கரும்பு வண்டிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்டக்டர் சாவகாசமாக மூட்டைகளை ஏற்றினார். காற்று வீசும்போதெல்லாம் ஞானராஜ் ஜன்னல் வழியே சாலையோரப் புளியமரங்களைப் பார்த்தார். எவ்வளவு ஆடுகிறது, எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்தார். இங்கே இப்படி ஆடினால் அங்கே எப்படி இருக்கும்? இப்போது விழுந்திருக்குமா? விழுந்திருந்தால் நாம் போய் என்ன செய்யப் போகிறோம்? ஜெபம் சொல்லப் பார்த்தார். வார்த்தைகள் பாதியிலேயே எண்களாக மாறின.

ஒரு தரைப்பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"வண்டி இதுக்கு மேல போவாது சார். பேஜாரு புடிச்ச தண்ணி, இழுத்துக்கும்," என்றார் டிரைவர்.

இருவரும் இறங்கி, பாலத்தின் கல்லைப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் அக்கரை போனார்கள். அங்கிருந்து சேற்றில் நடையும் ஓட்டமுமாகப் போனார்கள். ஞானராஜின் செருப்பு எங்கேயோ கழன்றுகொண்டது. கரும்புத் தோட்டத்தைத் தாண்டியதும் அவர் நின்று எட்டிப் பார்த்தார். மழைத் திரைக்கு அப்பால் மருதமரத்தின் தலை தெரிந்தது. நின்றுகொண்டிருந்தது.

பொழுது சாய இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. வீட்டு வாசலுக்கு வந்தவர் திகைத்துப் போனார். காலையில் மூன்று பேர் இருந்த வீட்டில் இப்போது ஒரு கூட்டமே இருந்தது. பெண்கள், பிள்ளைகள், ஆட்டுக்குட்டிகள். நனைந்த பாய்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன.

"தெற்குத் தெருவுல ரெண்டு சுவரு இடிஞ்சிருச்சி சார். நம்ம வூடு காரை வூடாச்சே. அதான் எல்லாரையும் இங்க வரச் சொல்லிட்டேன்," என்றார் பெரியதம்பி. "மரத்த நெனச்சித் தயங்குனாங்க. ஓவர்சியரே அளந்து சொல்லிட்டாரு, எட்டாதுன்னேன். அப்புறந்தான் வந்தாங்க."

ஞானராஜ் கூட்டத்துக்கு நடுவே போய் நின்றார்.

"எல்லாரையும் வெளிய கூப்பிடுங்க," என்றார். "மரம் எட்டும். காலையில நான் சொன்னது தப்பு."

பெரியதம்பி அவரை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார் சொல்றீங்க? காலைல எட்டாதுன்னீங்க. இப்ப எட்டும்னு சொல்றீங்க. நடுவுல மரம் வளந்துருச்சா?"

"சாய்வைக் கவனிக்காம அளந்துட்டேன். நான் நின்ன பக்கம் தப்பு."

"பொண்ணு படுத்திருக்கறா. மழை ஊத்துது. கொழந்தகுட்டியோட இவங்கள எங்க அனுப்பச் சொல்றீங்க? நாளைக்கு மறுபடி வந்து எட்டாதுன்னு சொல்ல மாட்டீங்கன்னு இன்னா நிச்சயம்?"

பெரியதம்பி சொன்னதில் தவறு இல்லை. ஞானராஜ் பையிலிருந்து கருவியை எடுக்கப் போனார். அந்தப் பாகையும் வாய்பாடும் காலையில் இவர்களுக்கு ஒரு தரம் பொய் சொல்லிவிட்டன. மறுபடி அதையே காட்டி நம்பச் சொல்ல முடியாது. அதைப் பைக்குள்ளேயே விட்டார். வேலியிலிருந்து நேரான சவுக்குக் குச்சி ஒன்றை உடைத்து எடுத்தார்.

"அம்மா, நீங்க வாங்க," என்று தையல்நாயகியைக் கூப்பிட்டார். "நான் சொல்ல வேணாம். நீங்களே பாருங்க."

மரமும் வீடும் பக்கவாட்டில் ஒன்றாகத் தெரியும்படி, நெல் வயலின் வரப்பில் வெகு தூரம் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். பெரியதம்பியும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார். அங்கிருந்து பார்த்தபோது மரத்தின் சாய்வு நன்றாகத் தெரிந்தது. இரண்டு ஆள் உயரத்துக்கு நேராகப் போன அடிமரம், அதற்கு மேல் வீட்டைப் பார்த்து வளைந்து, தலை முழுவதும் அந்தப் பக்கமே கவிழ்ந்திருந்தது.

"கையை நேரா நீட்டிக் குச்சியப் புடிங்க. ஒரு கண்ண மூடிக்குங்க. மரத்து மேலயே குச்சி படுத்திருக்கற மாதிரி சாச்சுப் புடிங்க. குச்சி நுனி மரத்து நுனியில இருக்கணும். இப்ப அடிமரம் தரையத் தொடுற எடத்துல கட்டவிரலை வைங்க."

அவள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வெச்சிட்டேன்."

"கட்டவிரலை அந்த எடத்த விட்டு அசைக்காம, குச்சிய மெதுவா வூட்டுப் பக்கம் சாச்சுக்கினே போங்க. தரைல படுக்கற வரைக்கும். மரம் வுழுற மாதிரி."

குச்சி மெல்லச் சாய்ந்தது. வைக்கோல்போரைக் கடந்தது. கொட்டகையைக் கடந்தது. அது நின்ற இடத்தில் தையல்நாயகி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மறுபடி ஒருமுறை நிமிர்த்திச் சாய்த்துப் பார்த்தாள்.

"எங்க இருக்குது நுனி?" என்றார் ஞானராஜ்.

"சுவரத் தாண்டிக்கினு இருக்குது," என்றாள். "எம்பொண்ணு கிஷ்ணவேணி படுத்திருக்கற ரூம்பு அது."

பெரியதம்பி குச்சியை வாங்கித் தானும் பார்த்தார். தையல்நாயகி அதற்குள் வரப்பில் ஓட ஆரம்பித்துவிட்டாள்.

அதன் பிறகு எல்லாம் ஜல்தியாக நடந்தது. ஊரின் மறுகோடியில் மேட்டில் இருந்த ஆரம்பப் பள்ளிக்கூடத்தைத் திறந்தார்கள். பிள்ளைகளை முதலில் அனுப்பினார்கள். நர்ஸ் சவுரியம்மாளுக்கு ஆள் போனது. அந்த அம்மாள் குடையோடு வந்து கோபத்தோடுதான் பேசினாள்.

"கட்டிலோட தூக்குங்க. யார் காலும் சறுக்கக் கூடாது. சறுக்கினா ரெண்டு உசுரு."

கயிற்றுக் கட்டிலை நாலு மூலையிலும் பிடித்தார்கள். தலைமாட்டுப் பக்கம் பெரியதம்பியும் தொம்மையும், கால்மாட்டுப் பக்கம் ஞானராஜும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும். மேலே பனையோலைப் பாயைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு இரண்டு பெண்கள் கூடவே நடந்தார்கள். கிருஷ்ணவேணி பாய்க்கு அடியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தாள். வாசலிலிருந்து தெருவுக்குப் போகும் வழி மரத்துக்குக் கீழேதான் போயிற்று. அந்த இடத்தில் காற்று ஒரு தரம் ஓங்கி அடித்தது. தலைக்கு மேல் கிளைகள் உரசிக்கொண்டன. ஓடவும் முடியாது. ஓடினால் கட்டில் குலுங்கும். ஒவ்வொரு அடியாக வைத்தார்கள். மரத்தைத் தாண்டி வெகு தூரம் போன பிறகுதான் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

பொழுது விடிந்தபோது மழை விட்டிருந்தது. மரம் அப்படியே நின்றது. வெயில்கூட அடித்தது. பள்ளிக்கூடத்துக்குள் அடைந்து கிடந்தவர்கள் வெளியே வந்து ஈரத்துணிகளைக் காயப்போட்டார்கள். இரண்டொருவர் ஞானராஜைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்குப் போய்ச் சமைக்கலாமா என்று பெண்கள் கேட்க ஆரம்பித்தார்கள்.

"இன்னிக்கு ஒரு நாள் பொறுங்க," என்று ஞானராஜ் வழியில் நின்றுகொண்டு எல்லோரையும் கெஞ்சிக்கொண்டிருந்தார். மரம் விழாமல் போனால் தன் பேச்சை இனி யாரும் கேட்கமாட்டார்கள் என்று தோன்றியது. விழ வேண்டும் என்று ஒரு கணம் மனசு ஆசைப்பட்டதை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது.

பெரியதம்பி மட்டும் அவர் கண்ணில் படாமல் கழனி வழியாகச் சுற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார். மாடுகளை அவிழ்க்கப் போனவர் அவர். ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து வரப்பில் கட்டிவிட்டு, மற்றதற்காகத் திரும்பியபோது, இலைகூட ஆடாத வெயிலில், வாய்க்கால் பக்கம் துணி கிழிவது போல ஒரு சத்தம் கேட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தபோது வானம் நகர்வது போலத் தெரிந்ததாம். வரப்பிலிருந்து வயலுக்குள் குதித்தார்.

பள்ளிக்கூடத்து மேட்டில் நின்றவர்கள் மரம் விழுந்ததைப் பார்த்தார்கள். முதலில் மிகவும் மெதுவாகச் சாய்ந்தது. கடைசியில் ஒரே அடியாகப் போயிற்று. சத்தம் வந்து சேர ஒரு நொடி பிடித்தது.

ஞானராஜ் ஓடினார். சேற்றிலிருந்து எழுந்த பெரியதம்பியைக் கண்டதும்தான் அவருக்கு மூச்சு வந்தது. கொட்டகை தரைமட்டமாகிக் கிடந்தது. உள்ளே நின்ற மாடு செத்துப்போயிருந்தது. பெரியதம்பி அதன் கொம்பைத் தடவிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மரத்தின் தலை வீட்டின் முன் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. தொம்மை டேப்பைப் பிடிக்க, ஞானராஜ் அடிமரத்திலிருந்து உச்சி வரை அளந்தார். எண்பத்தோரு அடி. ஆனால் மரம் விழுந்த வேகத்தில் முன்னால் வழுக்கிப் போயிருந்தது. அதனால் உச்சி, அந்த அறையையும் தாண்டிப் பின்கட்டு வரைக்கும் எட்டியிருந்தது. குச்சி காட்டியது அறையை மட்டும்தான். பின்கட்டில் படுத்துக்கொண்டால் போதும் என்று நேற்று குச்சியை நம்பிச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபடி ஞானராஜ் டேப்பைச் சுருட்டினார்.

தையல்நாயகி வந்து உடைந்த சுவருக்குள் எட்டிப் பார்த்தாள். கட்டில் இருந்த இடத்தில் தொடை பருமனுக்கு ஒரு கிளை தரையில் புதைந்து நின்றது.

"நீங்க திரும்பி வந்ததுக்கு உங்களக் கையெடுத்துக் கும்புடணும் சார்," என்றாள். "ஆனா நேத்துக் காலைல நீங்க சொன்னத நம்பித்தான் ஊருல இருக்கற கொழந்தைங்களையெல்லாம் உள்ள படுக்கவெச்சேன். அத என்னால மறக்க முடியாது."

"மறக்க வேணாம்மா," என்றார் ஞானராஜ்.

கிருஷ்ணவேணிக்கு அதற்கப்புறம் ஒரு வாரத்துக்கு மேல் கழித்துத்தான் பிரசவம் ஆயிற்று. பள்ளிக்கூடத்திலேயே ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று சவுரியம்மாள் ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள்.

மரம் விழுந்த அன்றைக்கே திண்டிவனத்துக்குப் புறப்பட்ட ஞானராஜை வழியில் ஒருவர் நிறுத்தினார். பக்கத்து ஊர்க்காரர், கோதண்டபாணி என்று பேர் சொன்னார். அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய இலுப்பை மரம், அடியில் மண் கரைந்து நிற்கிறதாம். மருதமரம் விழுந்ததைக் கேள்விப்பட்டு வந்திருக்கிறார்.

ஞானராஜ் அவரோடு போனார். மரத்தை முன்னாலிருந்து பார்த்தார். பின்னாலிருந்து பார்த்தார். இரண்டு பக்கமும் போய்ப் பார்த்தார். கோதண்டபாணி அவர் பின்னாலேயே சுற்றி வந்தார். வீட்டுக்குள்ளிருந்து சோறு கொதிக்கிற வாசனை வந்தது.

"இன்னா சார், எட்டுமா எட்டாதா? இன்னும் டேப்பையே எடுக்கலியே."

"எடுக்கறேன்," என்றார் ஞானராஜ். "உள்ள இருக்கறவங்கள முதல்ல வெளிய வரச் சொல்லுங்க. அப்புறம் அளக்கலாம்."